ஐந்தாம் அத்தியாயம்: மஞ்சப்பைக்குள் ஓர் எழுத்து

என் மூத்தவனுக்கு மூன்றரை வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை திண்டிவனம் கடைத்தெருவில் புது சிலேட்டும் ஒரு பெட்டி பலப்பமும் வாங்கிவந்தேன். விளக்கேற்றிய கையோடு அவனை உட்காரவைத்து, "அ எழுதுடா கண்ணு" என்றேன். சுழி வரவில்லை. அழித்துவிட்டு மறுபடியும் எழுதச் சொன்னேன். சுழி வந்தால் கோடு வரவில்லை. நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் சிலேட்டைக் காணோம். கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால், தோட்டத்தில் என்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து, உலை வைக்க அரிசி டிரம்மில் படியை விட்டபோது ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் சிலேட்டு. தோள் வரைக்கும் கையை விட்டு அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சின்னக் கை என்னிடமிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவு ஆழம் தோண்டியது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. படியிலிருந்த அரிசியைத் தாம்பாளத்தில் பரப்பி, விரலால் ஒரு வளைவு போட்டேன். பக்கத்தில் வந்து நின்றவன் தானும் ஒரு வளைவு போட்டான். தட்டை ஆட்டினான். அழிந்தது. சிரித்துக்கொண்டே இன்னொன்று போட்டான். சிலேட்டில் நான்கு நாளாக வராத சுழி அரிசியில் அரை நிமிடத்தில் வந்தது.

இந்த அத்தியாயம் அந்தத் தாம்பாளத்தில் தொடங்கியது. மூன்று வயது முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு, வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டே, வாரத்துக்கு ஓர் எழுத்தாக அறிமுகம் செய்யும் வழி இது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் கிடைப்பவற்றை வைத்தே சொல்கிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் அவரவர் ஊர்ப் பொருளை மாற்றிக்கொள்ளலாம். வரிசை மட்டும் மாறவேண்டாம்: முதலில் காது, பிறகு விரல், பிறகு கண், கடைசியில் பென்சில்.

தொடங்கும் முன் சில கணக்குகள்

எழுத்துக் கணக்கு: தமிழில் 247 எழுத்து என்று கேட்டதும் பல தாய்மார்கள் மலைத்துப்போகிறார்கள். பிள்ளை 247 வடிவங்களை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 அடிப்படை வடிவங்கள். மற்றவை பெரும்பாலும் கால், கொம்பு, சங்கிலிக் கொம்பு, புள்ளி என்று ஒட்டிக்கொள்பவை. உ, ஊ வரிசை மட்டும்தான் எழுத்துக்கு எழுத்து வேறு மாதிரி வளையும். அது ஒன்றாம் வகுப்பு வேலை; வீட்டில் அவசரப்பட வேண்டாம். ஐந்து வயதுக்குள் பதினைந்து எழுத்து அடையாளம் தெரிந்தாலே நல்ல தொடக்கம்.

நேரக் கணக்கு: ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. பிள்ளை கொட்டாவி விட்டால், எழுந்து ஓடினால், அன்றைய பாடம் முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று இழுக்கும்போதுதான் சிலேட்டு அரிசிக்குள் போகிறது.

கைக் கணக்கு: பிள்ளையின் கை தோளிலிருந்து விரலை நோக்கி வளர்கிறது. முதலில் தோளை அசைத்துப் பெரிதாகக் கோடு போட வரும். பிறகு முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியில்தான் விரல் நுனி. நாலு கோடு நோட்டில் சின்னதாக எழுத விரல் நுனியின் வலு வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது, தவழ்கிற பிள்ளையைச் சைக்கிள் ஓட்டச் சொல்வது மாதிரி.

முதல் படி: காது

எழுத்தைக் காட்டும் முன் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக்குங்கள். இதற்கு எந்தப் பொருளும் வேண்டாம். துணி மடிக்கும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் செய்யலாம்.

ஊர்ப் பெயருக்குக் கை தட்டுவது எங்கள் வீட்டில் மிகவும் பிடித்த விளையாட்டு. செஞ்-சி, இரண்டு தட்டு. ம-யி-லம், மூன்று. ம-ரக்-கா-ணம், நான்கு. திண்-டி-வ-னம், நான்கு. வி-ழுப்-பு-ரம், அதுவும் நான்கு. திண்டிவனமும் விழுப்புரமும் ஒரே அளவு என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நாளில் அதன் முகத்தைப் பாருங்கள். பிறகு வீட்டில் உள்ளவர்களின் பெயர், மாட்டின் பெயர், சாப்பாட்டின் பெயர் என்று தட்டிக்கொண்டே போகலாம்.

அடுத்தது, ஒட்டாததைக் கண்டுபிடிப்பது. "மணி, மலை, பல்லி, மண்" என்று சொல்லிவிட்டு எது சேரவில்லை என்று கேளுங்கள். நான்கு வயதில் இது வந்துவிடும். வராவிட்டால் இரண்டு சொல்லில் தொடங்குங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பழத்தைப் "பயம்" என்றும் மழையை "மயை" என்றும் சொல்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. அதைக் குற்றமாகப் பார்த்துப் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். ஆயாவும் தாத்தாவும் பேசுகிற பேச்சில்தான் பிள்ளை உலகத்தையே தெரிந்துகொண்டது. நீங்கள் பதில் சொல்லும்போது "ஆமா, மழை வருது" என்று ழகரத்தை நன்றாக ஒலித்துச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். காது பிடித்துக்கொள்ளும், நாக்கு பின்னால் வரும்.

இரண்டாம் படி: விரல்

விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் வைத்து, நெல்லிலோ அரிசியிலோ அதன் விரலைப் பிடித்து அ எழுதவைக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால்தான் எழுதினார்கள். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான் கைக்கு வந்தன. மடி, தானியம், விரல் என்று பெரியவர்கள் வைத்த வரிசையில் நுட்பம் இருக்கிறது. விஜயதசமி அ ஓர் ஆசி. அடுத்த நாளிலிருந்து அதையே பாடமாக்கிப் பிள்ளையை வதைக்கவேண்டாம்; வரிசையில் முதலில் நின்றாலும், வளைவும் சுழியும் கோடும் சேர்ந்த அ எழுதுவதற்குக் கடினமான எழுத்து.

விரலுக்கு நான்கு பயிற்சிகள் சொல்கிறேன்.

1. தண்ணீர் எழுத்து. சிமெண்ட் தரையில் அல்லது மதில்சுவரில், தண்ணீரில் நனைத்த துணியாலோ பழைய பெயின்ட் பிரஷாலோ பெரிதாகக் கோடு போடச் சொல்லுங்கள். படுத்த கோடு, நின்ற கோடு, வட்டம், மலை, அலை. வெயிலில் தானே காய்ந்து மறையும். தப்பாகப் போட்டதும் மறைந்துவிடும். பயமில்லாமல் கை ஓடுவதற்கு இதைவிட நல்ல பலகை கிடையாது.

2. கோலம். இதுதான் நம்மிடம் இருக்கிற பெரிய சொத்து. நேர்ப்புள்ளி வைத்துப் புள்ளிக்குப் புள்ளி கோடு சேர்ப்பது ட, ப போன்ற எழுத்துக்கான கையைத் தயார் செய்கிறது. புள்ளியைச் சுற்றி வளையும் சிக்குக்கோலம் அ, ண, ன போன்ற சுழி எழுத்துக்கான கை. காலையில் நீங்கள் வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் ஒரு முழம் இடம் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். மூன்று புள்ளி வைத்துக்கொடுத்தால் போதும். மாவைக் கிள்ளி எடுத்து விடுகிற விரல் அசைவும் பென்சில் பிடிக்கிற அசைவும் ஒன்றுதான். பையனுக்கு எதற்குக் கோலம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

3. புளியங்கொட்டை. திந்திரிணி என்றால் புளி. புளியமரக் காடாக இருந்த ஊர் திந்திரிணிவனம், அதுவே திண்டிவனம் ஆயிற்று என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் எழுத்தைப் புளியங்கொட்டையில் தொடங்குவது பொருத்தம்தானே. புளி குத்தும் காலத்தில் கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். தரையில் சாக்பீஸால் ஓரடி உயரத்துக்கு எழுத்தை வரைந்து, அந்தக் கோட்டின்மேல் கொட்டையை ஒவ்வொன்றாக அடுக்கச் சொல்லுங்கள். கோட்டின் தொடக்கத்தில் முதல் கொட்டை, அங்கிருந்து எழுதும் திசையிலேயே அடுத்தடுத்த கொட்டை. எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது சொல்லாமலே பதிந்துவிடும்.

4. உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் மர வேலைக்கு விற்கும் தாள். சொரசொரப்புக் குறைந்ததாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளங்கை அளவுக்கு எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினால், பிள்ளை இரண்டு விரலால் தடவிப் பார்க்கும். இது மரியா மாண்டிசோரி அம்மையார் உலகமெங்கும் பரப்பிய முறை. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். கண்ணை மூடிக்கொண்டு தடவி எந்த எழுத்து என்று சொல்லும் விளையாட்டுக்கு என் பிள்ளைகள் அலைந்தார்கள்.

கடைசிப் படியாக எழுதுகோல் கொடுக்கும் காலம் வந்ததும், முழு சாக்பீஸ் தராமல் இரண்டு விரற்கடை அளவு உடைத்துத் தாருங்கள். சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தானாகச் சேரும்.

மூன்றாம் படி, கண்: எந்த எழுத்து முதலில்?

முதல் எழுத்து பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து. வேறு யோசனையே வேண்டாம். கவின் என்றால் க, மலர் என்றால் ம. சாப்பாட்டுத் தட்டில், செருப்பு வைக்கும் இடத்தில், தலையணை உறையில் அந்த எழுத்தை எழுதி ஒட்டுங்கள். "இது என் எழுத்து" என்ற உரிமை வந்துவிட்டால் மற்ற எழுத்துகளும் உறவுக்காரர்கள் ஆகிவிடும்.

அதன் பிறகு வடிவம் எளிதான எழுத்துகள். ட இரண்டே கோடு: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். வலப்பக்கம் ஒரு சுவர் எழுப்பினால் ப. அந்தச் சுவரை மேலே கொண்டுபோய் உள்பக்கம் வளைத்து இறக்கினால் ம. இந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று சொற்கள் வந்துவிடும். ர சேர்ந்தால் மரம். ல சேர்ந்தால் பலம். மூன்று எழுத்து தெரிந்த பிள்ளை ஒரு முழுச் சொல்லைப் படித்துவிடுகிறது என்பது அதற்கு எவ்வளவு பெரிய வெற்றி!

சொல்லின் முதலில் வராத எழுத்துகள்

ஆங்கில எழுத்துப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே தமிழுக்குச் செய்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு சொல் வேண்டும் என்று தேடினால் ண, ழ, ள, ற, ன ஐந்துக்கும் கிடைக்காது. ட, ர, ல ஆகியவையும் தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்பதில்லை. டப்பா, ரயில், லட்டு எல்லாம் வெளியிலிருந்து வந்து நம்மோடு ஒட்டிக்கொண்டவை. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்ற வரையறை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

ஆகவே இந்த எழுத்துகளைச் சொல்லின் நடுவில் ஒளிந்திருப்பவர்களாக அறிமுகம் செய்யுங்கள். பணத்துக்குள் ண, பழத்துக்குள் ழ, பள்ளத்துக்குள் ள, பறவைக்குள் ற, பனைக்குள் ன. "நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பனை நம் பக்கத்துக்குச் சொந்தமான மரம். விக்கிரவாண்டி வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எண்ணி முடியாது. நுங்கு வெட்டும் காலத்தில் னகரத்தை எடுத்துக்கொண்டால் வாயும் இனிக்கும், எழுத்தும் நிற்கும். ந, ன, ண மூன்றையும் ஒரே மாதத்தில் எடுக்காதீர்கள். இரண்டு சுழி ன நன்றாகப் பழகிய பிறகு, இரண்டு மாதம் விட்டு மூன்று சுழி ண. சிக்குக்கோலம் போட்ட கைக்குச் சுழி எண்ணுவது விளையாட்டு.

சுவரில் தொங்கும் படத்தாளில் ஔ என்றால் ஔடதம், ஃ என்றால் எஃகு என்று போட்டிருக்கும். பார்த்திராத பொருளைப் படத்தில் காட்டி எழுத்தை ஒட்டவைக்க முடியாது. இவை இரண்டையும் பள்ளிக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு மாதிரி வாரம்: ம

ஒரு மஞ்சப்பையை எடுத்து ஆணியில் மாட்டுங்கள். அதுதான் எழுத்துப் பை. ஒவ்வொரு வாரமும் ஓர் எழுத்துக்கு உரிய பொருள்கள் அதில் சேரும். ம வாரத்தில் பையே முதல் பொருள்.

திங்கள்: அடுக்களையில் வேட்டை. மஞ்சள், மல்லி, மணி, மல்லாட்டை. வேர்க்கடலை என்று புத்தகம் சொன்னாலும் நம் வீட்டில் மல்லாட்டைதானே. பிள்ளைக்குத் தெரிந்த சொல்லையே வையுங்கள். ஒவ்வொன்றையும் பையில் போடும்போது பெயரைச் சொல்லிப் போடவேண்டும். மிளகும் முட்டையும் கொண்டுவந்தால், "ஆமா, அதுவும் ம வீட்டுச் சொந்தம்தான், உடுப்புதான் வேற" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். காதுக்கு அவை சரி. கண்ணுக்கு இந்த வாரம் ம மட்டும்.

செவ்வாய்: பெரிய ம. வாசலில் ஆள் உயரத்துக்கு ம வரைந்து அதன்மேல் நடக்கவிடுங்கள். கீழே வா, வலப்பக்கம் போ, மேலே ஏறு, வளைந்து உள்ளே இறங்கு. இரண்டு மூன்று தடவை நடந்த பிறகு தண்ணீரில் எழுதச் சொல்லுங்கள்.

புதன்: புளியங்கொட்டை ம. அடுக்கி முடித்ததும் கொட்டைகளை எண்ணிப் பார்த்தால் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

வியாழன்: மாவு ம. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை தந்து கயிறாக உருட்டவிடுங்கள். தட்டில் ம ஆக வளைத்து, அதை அப்படியே கல்லில் சுட்டுக் கொடுங்கள். தான் செய்த எழுத்தைத் தின்கிற சந்தோஷம் ஒரு வாரத்துக்குத் தாங்கும். மாவு பிசைவது விரலுக்கு வலுவும் தரும்.

வெள்ளி: வெளியே போய்த் தேடுதல். மளிகை, மருந்தகம், மயிலம், மரக்காணம். இதைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

சனி: புத்தகப் பக்கம். பழைய நோட்டில் ஒரு பக்கத்தில் நீங்கள் பெரிதாக ம எழுதுங்கள். பிள்ளை அதன் கீழே மயிலோ மரமோ வரையட்டும். மயில் மாதிரி இல்லாவிட்டாலும் அது மயில்தான். அது சொல்கிற வாக்கியத்தை அப்படியே கீழே எழுதிக்கொள்ளுங்கள். "மயில் மல்லாட்டை தின்னுச்சு" என்றால் அதே சொற்கள், அதே வரிசை. தான் பேசியது எழுத்தாக நிற்பதைப் பிள்ளை அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறது. ஆண்டு முடிவில் அந்த நோட்டே அதன் முதல் புத்தகம்.

ஞாயிறு: ஒன்றும் வேண்டாம். பையை அவிழ்த்து விளையாடட்டும். ராத்திரி ஆயா கதை சொல்லட்டும்.

அடுத்த வாரம் பையைக் காலி செய்யும்போது ஒரு பொருளை மட்டும் உள்ளேயே விட்டுவையுங்கள். பழைய எழுத்து மறக்காமல் இருக்க அது போதும்.

ஊரே பாடப்புத்தகம்

பஸ் ஸ்டாண்டைவிட நல்ல வாசிப்பு அறை பிள்ளைக்கு இல்லை. பஸ் வந்து நிற்கும்; பெயர்ப்பலகை பெரிய எழுத்தில் இருக்கும்; எழுத்தைப் படித்தால் எங்கே போகிறது என்று தெரியும். படிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அது தானாக உணரும் இடம் அது. என் சின்னவள் நாலு வயதில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என் முந்தானையை இழுத்து, "ம்மா, என் பையில இருக்கிறது அந்த பஸ்லயும் இருக்கு" என்றாள். மயிலம் பஸ். அவளுக்கு ம தவிர அந்தப் பலகையில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒன்றைத் தெருவில் தானே கண்டுபிடித்தாள்.

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போனால் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் மூன்று மொழியில் இருக்கும். நம் எழுத்து எது என்று காட்டச் சொல்லுங்கள். வி என்ற எழுத்தின் தலைமேல் உள்ள விலங்கையும், நடுவில் இருக்கும் ழுவையும் விரலால் காட்டுங்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் பாதை பிரியும் சந்திப்பு அது. வண்டி போகும் ஊர்ப் பெயருக்கெல்லாம் கை தட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

ஐகாரத்துக்கு ஒரு பயணம் சொல்கிறேன். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் அருகே திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். பிள்ளைகளுக்கு எண்ணுவதற்கே ஒரு விளையாட்டு. அங்கே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டு உள்ளது. ஐம்பத்தேழு என்ற சொல்லில் வரும் ஐ, அந்த எழுத்து காணப்படும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று என்று அந்தக் குன்றுக்குப் பெருமை சேர்த்திருக்கிறது. இந்த வரலாறெல்லாம் நாலு வயதுக்கு வேண்டாம். "ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒருத்தர் இங்க கல்லுல எழுதினார், இன்னும் அழியல" என்று சொன்னால் போதும். அதிகாலையில் போங்கள், பாறை சுடும் முன் இறங்கிவிடுங்கள். கல்வெட்டின்மேல் சாக்பீஸோ கையோ படக்கூடாது என்பதையும் அங்கேயே கற்றுக்கொடுங்கள்.

ஆயா எழுதும் லை

வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு குழப்பம் வரும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1935 முதலே குடி அரசு இதழில் கையாண்ட வடிவங்கள் அவை. அதற்கு முன் படித்தவர்கள் ணை, லை, ளை, னை நான்கையும் முன்னால் தும்பிக்கை வைத்துத்தான் எழுதினார்கள். ணா, றா, னா மூன்றும் கால் வாங்காமல் தனி வடிவில் இருந்தன.

என் மாமியார் மலை என்று எழுதிக்காட்டியபோது பிள்ளை, "ஆயா, யானை வரைஞ்சிட்டீங்க" என்றான். அவருக்கு முகம் வாடிவிட்டது. நான் இரண்டு மலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இது ஆயா சின்னப் புள்ளையா இருந்தப்ப எழுதின லை, இது உன் லை" என்றேன். அன்று முதல் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. பெரியவர்களைத் தப்பு என்று சொல்லிப் பாடத்திலிருந்து ஒதுக்காதீர்கள். கதைக்கும் பாட்டுக்கும் சொல்வளத்துக்கும் அவர்களை மிஞ்சிய ஆசிரியர் வீட்டில் கிடையாது.

கவனம்

புளியங்கொட்டை, மல்லாட்டை, மணி மூன்றும் மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் சிக்கக்கூடியவை. மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருக்கும் வீட்டில் இவற்றை விளையாட்டுக்கு எடுக்காதீர்கள். அதற்குப் பதில் மூடியும் பெரிய கூழாங்கல்லும் போதும். பெரிய பிள்ளையானாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள், முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடுங்கள்.

பிள்ளை பலப்பம், சாக்பீஸ், மண் தின்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து தின்றால் அது குறும்பில்லை, இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, டி.வி. ஒலியைக் கூட்டச் சொல்லும் பிள்ளை, மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, இவர்களுக்கு எழுத்துக்கு முன் காது பரிசோதனை வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம்.

எழுத்தைத் திருப்பி எழுதினால், இடவலம் மாறினால், ஏழு வயது வரை அது இயல்பு. இடக்கையால் எழுதினால் இடக்கைதான் அதன் கை, மாற்றாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசிடி முழுக்கச் சொல்கிறது என்று வீட்டில் யாராவது ஒப்பிட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிள்ளைக்கு அது கேட்கும்.

தனியாகச் செய்ய வேண்டியதில்லை

அங்கன்வாடி இருக்கும் தெருவில் நீங்கள் தனி ஆள் கிடையாது. நம் மாநில அங்கன்வாடிகளில் ஆடிப்பாடி விளையாடு பாப்பா என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் இருக்கிறது. அங்கன்வாடி அம்மாவிடம் இந்த மாதம் என்ன சொல்லித்தருகிறீர்கள் என்று கேட்டு, உங்கள் மஞ்சப்பையையும் அதற்கேற்ப நிரப்பிக்கொள்ளுங்கள். இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது நம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். அது பள்ளி செல்லும் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மாலை நேரத் திட்டம். ஆனால் படிப்பு திண்ணையிலும் மரத்தடியிலும் நடக்கும், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்லித்தரலாம் என்பதை ஊர் ஊராகப் பார்த்தோம். உங்கள் தெருவிலும் அப்படி ஓர் அக்கா இருப்பார். வாரத்தில் ஒரு மாலை நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்துக் கதை படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அரிசியிலிருந்து எடுத்த சிலேட்டை நான் துடைத்து, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டிவைத்தேன். எழுது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் அது அங்கேயே தொங்கியது. ஒரு நாள் ஆயா கடைக்கு அனுப்பும்போது, "என்ன வாங்கணும்னு மறந்திடாதடா" என்றார். அவன் சிலேட்டை எடுத்தான், பலப்பத்தைத் தேடி எடுத்தான், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு "உபபு" என்று எழுதினான். சிலேட்டோடு கடைக்குப் போய் உப்போடு திரும்பி வந்தான். புள்ளி விட்டுப்போனதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. ப் வாரம் வந்தபோது அவனே பார்த்து வைத்துக்கொண்டான்.